மார்பில் ஏறி அழுத்துவதும் சிகிச்சையா? அவசர மருத்துவத்தின் முரட்டுக் கைகள்

கேள்வி: ஜூன் 3, காலை

"என் பெரியப்பா மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவருடைய மார்பை அழுத்திய விதத்தை அருகில் நின்று பார்த்தேன். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. இத்தனை கருவிகளும் மருந்துகளும் வந்துவிட்ட காலத்தில் ஒரு மனிதரின் மார்பில் முழு எடையையும் போட்டு அழுத்துவதுதான் சிகிச்சையா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்."

ஜூன் 3, இரவு

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். நீங்கள் கேட்ட அந்தச் சத்தத்தை நான் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன். பெரியவர்களுக்கு மார்பு அழுத்தம் கொடுக்கும்போது விலா எலும்பு முறிவது மிகச் சாதாரணம். முதியவர்களுக்கு இன்னும் எளிதில் முறியும். முறிந்ததும் நிறுத்தக் கூடாது. கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும்.

நின்றுபோன இதயத்தை மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் வைத்து வெளியிலிருந்து பிழிகிறோம். நன்றாகச் செய்தாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் கிடைக்கும். மெதுவாக அழுத்தினால் அதுவும் கிடைக்காது. விலா ஆறும். இரத்தம் போகாத மூளைக்குச் சில நிமிடங்களே உண்டு.

ஜூன் 4

நேற்று அவசரத்தில் எழுதியதால் இந்த முறை எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டேன். அது தெரிந்தால் "முரட்டுத்தனம்" என்ற குறை கொஞ்சம் மாறலாம்.

1960க்கு முன் மருத்துவமனையில் இதயம் நின்றால் மார்பைக் கத்தியால் திறந்து, கையை உள்ளே விட்டு, இதயத்தை நேரடியாகப் பிசைந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளர் வில்லியம் கூவன்ஹோவனின் ஆய்வகத்தில் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கனமான மின்முனைகளை மார்பில் வைத்து அழுத்திய மாத்திரத்தில், மின்சாரம் பாய்வதற்கு முன்பே, இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை அங்கிருந்த ஆய்வாளர் கய் (Guy) நிக்கர்பாக்கர் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்தார். 1960இல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு கைகள் இருந்தால் போதும், யாரும் எங்கும் தொடங்கலாம் என்பதே அதன் சாரம்.

ஆகவே மார்பு அழுத்தம், மார்பைப் பிளப்பதற்குப் பதிலாக வந்த மென்மையான முறை. இப்படி எழுதுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஜூன் 4, சற்றுப் பின்

"இயந்திரம் ஏன் செய்யக் கூடாது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இயந்திரம் இருக்கிறது. மார்பைச் சுற்றிப் பொருத்தினால் களைப்பில்லாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். ஓடும் ஆம்புலன்ஸில், குறுகலான இடத்தில், நீண்ட நேரம் அழுத்த வேண்டியிருக்கும்போது பெரிய உதவி. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், இயந்திரம் அழுத்தியதால் கூடுதலானவர்கள் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஸ்வீடன் முதலிய நாடுகளில் நடந்த லிங்க் ஆய்வும், 2015இல் வெளியான பிரிட்டனின் பாராமெடிக் ஆய்வும் இதையே காட்டின. பழகிய கைகளை இயந்திரம் இன்னும் முந்தவில்லை.

ஜூன் 6

"முஷ்டியால் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டால் இதயம் மறுபடி துடிக்கும்" என்று வாசகர் ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது சரியல்ல, இதைத் திருத்தாமல் விட எனக்கு மனமில்லை. அப்படி ஒரு முறை மருத்துவத்தில் உண்டுதான். நோயாளி மானிட்டரில் இருக்கும்போது, நம் கண்ணெதிரே துடிப்பு கெட்டு, மின்னதிர்ச்சிக் கருவி கைக்கு எட்டாத அந்தச் சில நொடிகளுக்கு மட்டும், ஒரே ஒரு முறை. அப்போதும் பலிப்பது அரிது. வீட்டிலோ சாலையிலோ விழுந்தவரைக் குத்திக்கொண்டிருப்பது, அழுத்தம் கொடுக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும். உதவிக்கு அழையுங்கள், அழுத்தத் தொடங்குங்கள். அவ்வளவுதான்.

ஜூன் 7

இதயத்தைப் பற்றிப் பேசுவதால் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சிலருக்குத் திடீரென்று இதயம் நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடத் தொடங்கும். இதயத்தின் மேலறைகளைச் சார்ந்த ஒரு மின்சுற்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருப்பதால் வருவது. இதை நிறுத்த அடினோசின் என்ற ஊசி மருந்து உண்டு. அது சில நொடிகள் இதயத்தையே நிறுத்திவிடும். நல்ல உறுதியான மனிதர்கள்கூட அந்த நொடிகளில் "செத்துப்போகிறேன்" என்று என் கையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பிடி எனக்கு மறக்கவில்லை.

அதற்கு முன் செய்து பார்ப்பது இது. நோயாளியைச் சாய்ந்தபடி உட்காரவைத்து, 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, உள்தண்டு சற்றே நகரும் அளவுக்கு 15 நொடிகள் ஊதச் சொல்கிறோம். ஊதி முடித்த கணமே படுக்கையைத் தட்டையாக இறக்கி, இரண்டு கால்களையும் 45 பாகை உயர்த்தி இன்னொரு 15 நொடிகள் பிடிக்கிறோம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஊதும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கால்களை உயர்த்தியதும் அது மொத்தமாக வந்து சேர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில், இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு விழித்துக்கொண்டு சுற்றை அறுக்கிறது.

2015இல் இங்கிலாந்தில் வெளியான ரிவர்ட் ஆய்வில், உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 சதவீதம் பேருக்கு ஒரு நிமிடத்தில் இயல்புத் துடிப்பு திரும்பியது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிய குழுவில் 43 சதவீதம். காலைத் தூக்கியதுதான் வேறுபாடு! இதை முதன்முதலாகச் செய்து, மானிட்டரில் கோடு ஒரு கணம் தட்டையாகி, பிறகு நிதானமான துடிப்பு வந்ததைப் பார்த்தபோது அறையில் இருந்த எல்லோருமே சிரித்துவிட்டோம், நோயாளியும் சேர்த்து.

கைக்குழந்தைகளுக்கு ஊதச் சொல்ல முடியாது. மூக்கையும் வாயையும் விட்டுவிட்டு, முகத்தின் மேல்பகுதியில் ஐஸும் தண்ணீரும் நிரம்பிய பையைச் சில நொடிகள் வைக்கிறோம். குளிர்ந்த நீரில் மூழ்கும்போது இதயம் தானாக வேகம் குறைக்கும் அனிச்சையைத் தூண்டுவது இது. மருத்துவர் மேற்பார்வையில், மானிட்டர் பொருத்திய பிறகு மட்டும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

ஜூன் 7, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்று தோன்றியது. சிரிஞ்சில் ஊதுவதற்கு 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், 15 நொடி, கால்களுக்கு 45 பாகை. மார்புக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. இவை மருந்துச் சீட்டில் எழுதும் அளவுகளைப் போலவே இருக்கின்றன. உடல் வலிமையைப் பயன்படுத்துவதாலேயே ஒரு முறையை நாகரிகமற்றது என்கிறோம். ஆனால் எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்று அளந்து பார்த்த பிறகு அந்த வலிமையும் ஒரு மருந்தின் இடத்துக்கு வந்துவிடுகிறது. குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் கேடு. இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இதுதான் என்று இப்போது தெளிவாகிறது.

ஜூன் 9

மூட்டு விலகல் பற்றிக் கேட்டவருக்கு.

தோள் விலகினால் அக்குளில் குதிகாலை முட்டுக்கொடுத்துக் கையைப் பிடித்து இழுப்பது ஹிப்போக்ரடீஸ் காலத்திலிருந்து வருகிறது. இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. அக்குள் வழியாக நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போகின்றன, அவை நசுங்கும். இப்போதைய முறைகள் எதிர்த்திசையில் போய்விட்டன. ஆஸ்திரேலிய மருத்துவர் நீல் கன்னிங்ஹாமின் முறையில் நோயாளி நிமிர்ந்து உட்காருகிறார். மருத்துவர் எதிரே அமர்ந்து, அவருடைய கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டு, மேற்கைத் தசையையும் தோள் தசைகளையும் நிதானமாகப் பிடித்துவிடுகிறார். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி நிமிரச் சொல்கிறார். இழுப்பே இல்லை. தசை தளர்ந்ததும் எலும்பு தானே போய் அமர்ந்துகொள்ளும், பல சமயம் சத்தமேகூட இல்லாமல்.

குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கும்போது முழங்கையில் முன்கை எலும்பின் தலை, அதைப் பிடித்திருக்கும் தசைநார் வளையத்திலிருந்து நழுவுவது வேறு விஷயம். குழந்தை கையைத் தொங்கவிட்டபடி அழும். முழங்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, உள்ளங்கை கீழ்நோக்கும்படி முன்கையை நன்றாகத் திருப்பினால் ஒரு சிறிய சொடுக்கு. சில நிமிடங்களில் குழந்தை அதே கையை நீட்டிப் பொம்மை கேட்கும். பெற்றோர் முகத்தில் குற்ற உணர்வு கரைவதைப் பார்ப்பது எங்கள் வேலையின் இனிய தருணங்களில் ஒன்று. ஆனால் விழுந்து அடிபட்ட கையாக இருந்தால், வீக்கம் இருந்தால், யாரும் திருப்பக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம்.

ஜூன் 10

தாடை கழன்று வாய் மூட முடியாமல் வருபவர்களும் உண்டு. கடைவாய்ப் பற்களின்மேல் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துக் கீழே அழுத்திப் பின்னே தள்ள வேண்டும். கட்டைவிரல்களில் காஸ் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொள்வோம், ஏனெனில் தாடை உள்ளே போன கணமே வாய் படாரென்று மூடிக்கொள்ளும்.

ஜூன் 13

"எலும்பில் துளைபோடுவார்கள் என்பது உண்மையா?"

உண்மை. இரத்த ஓட்டம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலையில் சிரைகள் சுருங்கிவிடும், ஊசி ஏற்ற இடம் கிடைக்காது. அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ தோளுக்கு அருகிலோ, பேட்டரியில் இயங்கும் சிறிய துரப்பணத்தால் எலும்புக்குள் ஊசியைச் செலுத்துகிறோம். சில நொடி வேலை. மஜ்ஜையிலிருந்து இரத்தம் நேராகச் சிரைகளுக்குப் போவதால், கையில் ஏற்றும் எந்த மருந்தையும் இதில் ஏற்றலாம். இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களின் மார்பெலும்பில் இப்படிச் செய்தார்கள். பின்னர் மறந்து, 1980களில் குழந்தைகளுக்காக மீண்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உணர்வுடன் இருப்பவரிடம் செய்யும்போது, துளையிடுவதைவிட, பிறகு சலைனை வேகமாக உள்ளே தள்ளும்போதுதான் வலி கடுமையாக இருக்கும். அதனால் முதலில் மரத்துப்போகும் மருந்தை மெதுவாகச் செலுத்திக் காத்திருக்க வேண்டும். துரப்பணத்தின் ஓசையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உறவினர்களிடம் இதைத்தான் சொல்வேன்: அஞ்ச வேண்டியது அந்த ஓசையை அல்ல, அடுத்த படியில் அவசரப்படுவதை.

ஜூன் 15

இரத்தப்போக்கு பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

சாலை விபத்தில் இரத்தம் பீறிடும்போது பலர் மேலே துணியை வைத்துவிட்டு நிற்பார்கள். துணி இரத்தத்தை நிறுத்தாது, உறிஞ்சும். நிறுத்துவது அழுத்தம். ஆழமான காயத்துக்குள் விரலால் காஸைத் திணித்து, இரத்தக் குழாய் தட்டுப்படும் இடத்தில் சில நிமிடங்கள் எடுக்காமல் அழுத்த வேண்டும். "நின்றுவிட்டதா" என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பதால்தான் பல காயங்கள் மீண்டும் பீறிடுகின்றன. தொடையும் வயிறும் சேரும் இடத்தில் இரத்தம் வந்தால், கட்டுப் போட இடமில்லை. அங்கே முழங்காலை ஊன்றி உடல் எடையால் அழுத்துவோர் உண்டு. பார்க்கக் கொடுமையாக இருக்கும். உயிர் இருக்கும்.

இடுப்பெலும்பு வளையம் உடைந்தால் உள்ளேயே லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்கும். சிறப்புப் பட்டை இல்லாவிட்டால் சாதாரணப் படுக்கை விரிப்பை மடித்து, இறுக்கி முறுக்கிக் கட்டுகிறோம். கட்டும் இடம்தான் உயிர்நாடி. பலரும் வயிற்றைச் சுற்றி, பெல்ட் கட்டும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் உயரத்தில், அதாவது இன்னும் கீழே, கட்ட வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் இரத்தம் போகும்போது, தொப்புளுக்குச் சற்று மேலே மூடிய முஷ்டியை வைத்து வயிற்றுப் பெருந்தமனியை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவது உண்டு. அடுத்த சிகிச்சை வந்து சேரும்வரை நேரம் ஈட்டும் வழியாக உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. அழுத்தம் போதுமா என்று எப்படித் தெரியும்? மற்றொரு கையால் தொடையின் மேற்பகுதியில் நாடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாடி மறைந்தால் போதுமான அழுத்தம். ஒரு கை வலிமை, மறு கை அளவுகோல். இதைச் செய்யும் மருத்துவச்சிகளின் முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனம் முழுவதும் அந்த இரண்டாவது கையில் இருக்கும்.

டாக்காவின் மகப்பேறு மருத்துவர் சயேபா அக்தரையும் இங்கே சொல்ல வேண்டும். கருப்பைக்குள் வைத்து ஊதும் விலையுயர்ந்த பலூன் அவருடைய மருத்துவமனையில் கிடைக்கவில்லை. ஆணுறையை ரப்பர் கதீட்டர் குழாயின் நுனியில் கட்டி, கருப்பைக்குள் வைத்து, சலைனால் நிரப்பினார். உள்ளிருந்து சுவர்களை அழுத்தி இரத்தத்தை நிறுத்தியது. 2003இல் வெளியான கட்டுரையில் 23 பெண்களுக்கும் இரத்தப்போக்கு நின்றதாக அறிவித்தார். அந்த முறை வங்கதேசத்துக்கு வெளியேயும் பல நாடுகளுக்குப் போனது. ஏழை நாட்டின் மருத்துவர் கண்டுபிடித்த ஒன்று என்பதாலேயே இதைத் தற்காலிக ஏற்பாடு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருப்பைச் சுவருக்கு வேண்டியது அழுத்தம். அந்த அழுத்தத்தை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது கருப்பைக்குத் தெரியாது.

ஜூன் 16

நேற்றைய குறிப்பைப் படித்த நண்பர் ஒருவர், "அப்படியானால் கையில் கிடைத்ததை வைத்துச் செய்வதுதான் அவசர மருத்துவமா?" என்று கேட்டு, விமானக் கதையை நினைவுபடுத்தினார். 1995 மே மாதம், ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் போன விமானத்தில் ஒரு பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து மூச்சுத் திணறியது. விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார். பயணிகளாக இருந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆங்கஸ் வாலஸும் டாம் வாங் என்ற இளம் மருத்துவரும், சட்டை மாட்டும் கம்பியை நேராக்கி பிராந்தியால் சுத்தம் செய்து, சிறுநீர்க் கதீட்டருக்குள் விட்டு, விலா இடைவெளி வழியாக மார்புக்குள் செலுத்தினார்கள். மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். காற்று குமிழிகளாக வெளியேறியது, அவர் பிழைத்தார்.

2009இல் ஆஸ்திரேலியாவின் மேரிபரோவில் சைக்கிளிலிருந்து விழுந்த சிறுவனுக்கு மண்டைக்குள் இரத்தம் கட்டியபோது, மருத்துவமனைப் பராமரிப்பு அறையிலிருந்த சாதாரணத் துரப்பணத்தால் மருத்துவர் ராப் கார்சன் மண்டையோட்டில் துளையிட்டார். நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டினார்.

இவற்றைச் சொல்லும்போது எல்லோரும் கம்பியையும் துரப்பணத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எந்த விலாவுக்கு மேல் நுழைய வேண்டும், கதீட்டரின் மறுமுனை ஏன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மண்டையில் எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்ற அறிவு அவர்கள் தலையில் இருந்தது. மாற்றாக வந்தது கருவி மட்டும்தான்.

ஜூன் 19

பழைய முறைகள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில், 1774இல் லண்டனில் தொடங்கிய உயிர்காப்புச் சங்கத்தின் காலத்தில், நீரில் மூழ்கியவர்களின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதினார்கள். அதற்கென்று துருத்திக் கருவிகள்கூட இருந்தன. வேகமான துடிப்பைக் குறைக்க மூடிய கண்களை விரலால் அழுத்துவது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. விழித்திரை பிரியக்கூடும் என்பதால் கைவிடப்பட்டது. குதிகால் முறையைப் பற்றி 9ஆம் தேதியே எழுதினேன்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பிரசவ அறை உதாரணம். குழந்தையின் தலை வந்தபின் தோள் தாயின் முன் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால், தாயின் தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கி, முன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையால் அழுத்தித் தோளை நழுவச் செய்வார்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதே அழுத்தத்தை இன்னும் மேலே, கருப்பையின் உச்சியில் கொடுத்தால் தோள் இன்னும் இறுகும், கருப்பை கிழியவும் கூடும். ஒரே கை, ஒரே வலிமை. இடம் மாறினால் சிகிச்சை காயமாகிவிடுகிறது. பதற்றத்தில் வயிற்றின் உச்சியைத் தள்ளும் கைகளைத் தடுக்க நான் குரல் உயர்த்தியிருக்கிறேன், இனியும் உயர்த்துவேன்.

ஜூன் 22

வெப்பத்தாக்கு. கடும் உடற்பயிற்சியில் உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டி, மனம் குழம்பி விழுபவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கவைப்பதுதான் மிகச் சிறந்த சிகிச்சை. அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படிச் சிகிச்சை பெற்ற 274 பேரும் பிழைத்தார்கள். முதலில் குளிரவை, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்பது இதற்கான விதி. தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாயின் ஓரங்களைச் சுற்றிலும் தூக்கிப் பிடித்து, நடுவே அவரைக் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கொட்டலாம்.

ஜூன் 25

"இந்த அளவை எல்லாம் கைக்கு எப்படிப் பழக்குகிறீர்கள்?" நல்ல கேள்வி.

மார்பு அழுத்தத்துக்குப் பயிற்சிப் பொம்மை இருக்கிறது. உள்ளே விறைப்பான சுருள்வில். ஆழம் போதாவிட்டால் விளக்கு எரியாது. புதியவர்கள் முதலில் பயந்து மேலோட்டமாக அழுத்துவார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு மணி நேரம் போதும். கடினமானது வேறொன்று: அழுத்திய பின் முழுவதுமாகக் கையைத் தளர்த்துவது. களைத்தவர்கள் மார்பின்மேலேயே சாய்ந்துகொள்வார்கள். மார்பு முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் இரத்தம் நிரம்பும், நிரம்பாததைப் பிழிந்து என்ன பயன்? இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது அதற்காகத்தான். "எனக்குக் களைப்பில்லை" என்று சொல்பவரையும் மாற்றிவிடுவேன். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறையத் தொடங்கியிருக்கும்.

குழந்தைகளுக்கு மார்பின் முன்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். ஒரு வயதுக்குள் என்றால் சுமார் 4 சென்டிமீட்டர், இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால். அந்தச் சிறிய பொம்மையில் பழகும்போது யாரும் பேசுவதில்லை.

ஜூன் 26

விரலில் மோதிரம் சிக்கிக்கொண்டதைப் பற்றி இன்று கேட்டவருக்குச் சுருக்கமாக: வழுவழுப்பான நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துக்கொள்ளுங்கள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, விரல் நுனியை நோக்கி, கணுவைத் தாண்டும்வரை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு அடியில் இருக்கும் நுனியைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாக இழுத்துப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரம் நூலின்மேல் நகர்ந்து கணுவைக் கடக்கும். வலிக்கும். விரல் நீலமாகியிருந்தாலோ மரத்துப்போயிருந்தாலோ காயம் இருந்தாலோ இதை முயலாமல் உடனே வாருங்கள், மோதிரத்தை வெட்டி எடுத்துவிடலாம்.